இடுப்பு எக்ஸ்ரே சரிந்திருந்தால் நம்பலாமா? ரொக்கியின் படம் பற்றி ஒரு கேள்வி

வெள்ளவத்தைக்காரி | செவ்வாய், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ரொக்கிக்கு 14 மாதம், கடுவன் லப்ரடோர். ஒரு மாதத்துக்கு முன் மரைன் டிரைவ் பக்கம் கடற்கரையில் ஓடிவிட்டு வந்த நாளிலிருந்து இடது பின்னங்காலை நொண்டுகிறான். காலையில் எழும்பும்போது கூடுதலாக இருக்கும், கொஞ்சம் நடந்தால் குறையும்.

போன கிழமை ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மயக்கம் ஒன்றும் கொடுக்கவில்லை. ஒருவர் முன்னங்கால்களையும் இன்னொருவர் பின்னங்கால்களையும் பிடித்து, மல்லாக்கக் கிடத்தி எடுத்தார்கள். அவன் கத்தியது வெளியில் நின்ற எங்களுக்குக் கேட்டது. பிறகு, இடது இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் தலை உட்காரும் கிண்ணம் ஆழமில்லை, பிறவிக் குறை, போகப்போக ஒப்பரேஷன் தேவைப்படும் என்று சொன்னார்கள்.

படத்தைப் போனில் வைத்திருக்கிறேன். எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனாலும் பார்க்கும்போதே ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது. இடுப்பெலும்பின் ஒரு பக்கச் சிறகு அகலமாகவும் மற்றது ஒடுங்கியும் இருக்கிறது. வால் ஒரு பக்கமாகக் கிடக்கிறது. ஒரு தொடையெலும்பு நேராகவும் மற்றது வெளிப்பக்கம் சரிந்தும் இருக்கிறது. இரண்டாவதாகக் காட்டிய டொக்டர், "இந்தப் படத்தை வைத்து நான் ஒன்றும் சொல்லமாட்டேன், லேசான மயக்கத்தில் திரும்ப எடுங்கள்" என்றார். ஒரு படத்துக்காக மயக்கமா என்று அப்பா பயப்படுகிறார். படுக்க வைத்த விதம் பிழைத்தால் இல்லாத நோய் தெரியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாலுகால் வைத்தியன் | செவ்வாய், இரவு 10.40

தங்கச்சி, நான் கொழும்பில்தான் மிருக வைத்தியம் செய்கிறேன். இரண்டாவது டொக்டர் சொன்னதோடு நான் ஒத்துப்போகிறேன். உங்கள் படத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதிய மூன்று அடையாளமும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: இடுப்பு நேராகப் படுக்கவில்லை.

அந்தப் படத்தை முதுகெலும்பு வழியே நடுவில் மடிப்பதாக நினைத்துப் பாருங்கள். ஒழுங்காக எடுத்த படம் என்றால் ஒரு பாதி மற்றப் பாதியின் மேல் அப்படியே வந்து உட்காரும். இரண்டு சிறகும் ஒரே அகலம். அவற்றுக்குக் கீழே முட்டை வடிவத்தில் தெரியும் இரண்டு ஓட்டைகளும் ஒரே அளவு. தொடையெலும்புகள் இரண்டும் தண்டவாளம்போல இணையாக ஓடும். முழங்கால்கள் கொஞ்சம் உள்பக்கம் திருப்பப்பட்டு, சில்லு தொடையெலும்பின் நடுவில் தெரியும். இடுப்பு ஒரு பக்கம் உருண்டுவிட்டால் ஒரு கிண்ணம் ஆழமாகவும் மற்றது ஆழம் குறைந்தும் தெரியும். எலும்பு அப்படியேதான் இருக்கிறது, நாம் பார்க்கும் கோணம் மாறிவிட்டது. கிண்ணத்துக்குள் தலை எவ்வளவு நன்றாக உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க நோர்பேர்க் கோணம் என்று ஒன்றை அளப்போம். 105 பாகையும் அதற்கு மேலும் என்றால் பொதுவாக நல்லது என்று கொள்வார்கள். சரிந்த படத்தில் அந்தக் கோணத்தை அளப்பதே பிழை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. விழித்திருக்கும் நாய் பயத்தில் தசையை இறுக்கும். இறுகிய தசை தொடையெலும்பின் தலையைக் கிண்ணத்துக்குள் இழுத்துப் பிடிக்கும். தளர்ந்த மூட்டுகூட அப்போது நல்ல மூட்டாகத் தெரிந்துவிடும். மூட்டின் தளர்வை 16 கிழமை வயதிலேயே அளக்கும் பென்ஹிப் என்ற முறைக்கு ஆழ்ந்த மயக்கம் கட்டாயம் என்பதற்குக் காரணம் இதுதான். ஆகவே மயக்கம் நோயைக் காணவும் தேவை, நோயில்லை என்று சொல்லவும் தேவை.

அப்பாவின் பயம் நியாயமானது. முன்கூட்டி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள், இதயத்தைக் கேட்கச் சொல்லுங்கள், எத்தனை மணித்தியாலம் சாப்பாடு நிறுத்த வேண்டும் என்று கேட்டு அதன்படி நில்லுங்கள். மெடிடோமிடின் வகை மயக்க மருந்துகளின் வேலையை முறிக்கும் மாற்று ஊசி இருக்கிறது. படம் முடிந்ததும் அதைப் போட்டால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தலை தூக்கிவிடும். இரண்டு பேர் அமுக்கிப் பிடிக்க, நோகும் காலை இழுத்து, சரிவராமல் மூன்று நான்கு தரம் எடுப்பதைவிட இது நாய்க்கும் நல்லது, பிடிப்பவருக்கும் நல்லது.

அப்புறம் ஒன்று. இளம் லப்ரடோர் பின்னங்காலை நொண்டினால் முழங்காலையும் பார்க்கவே வேண்டும். ஏற்கனவே மயங்கிக் கிடக்கும்போது, முழங்காலை 90 பாகை மடித்துப் பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.

மணல்மூட்டை | புதன், காலை 6.25

பிடிப்பவருக்கும் நல்லது என்று டொக்டர் எழுதியதற்கு நன்றி. பிடிக்கிறவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

நான் 9 வருடம் ஒரு கிளினிக்கில் உதவியாளராக இருந்தேன், இடத்தின் பெயர் வேண்டாம். நாயைப் பிடிப்பதுதான் என் வேலை. கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரன் ஒன்று இருந்தது, ஈயக் கையுறை பாரமென்று யாரும் போடுவதில்லை. ஒரு நாள் பழைய படங்களை அடுக்கி வைக்கும்போது ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பொமரேனியனின் முன்னங்கால். அதன் ஓரத்தில் என்னுடைய மூன்று விரல் எலும்புகள், மோதிர விரலில் மோதிரம் வெள்ளையாக. அடுத்த படத்திலும் விரல். அதற்கடுத்ததிலும். நாய் ஒவ்வொன்றும் ஒரு தரம் வந்து போனது, என் கை மட்டும் எல்லாப் படத்திலும் இருந்தது. அன்றைக்கு இரவு நித்திரை வரவில்லை.

இப்போது வேலை செய்யும் இடத்தில் மணல் மூட்டைகள், ஆப்பு வடிவ ஸ்பொஞ் துண்டுகள், நாயை மல்லாக்க வைக்க 'வி' வடிவத் தொட்டி எல்லாம் இருக்கின்றன. மணல் மூட்டையை முழுக்க நிரப்பக் கூடாது. முக்கால்வாசி நிரப்பினால்தான் காலைச் சுற்றி வளைந்து படியும். கழுத்திலும் வயிற்றிலும் பாரம் ஏறாமல் வைக்க வேண்டும். கால்களை மேசையோடு பிளாஸ்டரால் ஒட்டிவிட்டு எல்லோரும் வெளியே போவோம். பயந்த பூனைக்கு முகத்தை மூடி ஒரு துவாய் போட்டால் பாதி வேலை முடிந்தது.

கதிர்ப்படக்காரன் | புதன், பிற்பகல் 1.05

மணல்மூட்டை அண்ணா எழுதியதைப் படித்து மனம் கனத்தது. நான் மனிதர்களுக்குப் படம் எடுக்கும் கதிர்ப்படவியலாளன்.

ஏப்ரன் பற்றிப் பலருக்குப் பிழையான நம்பிக்கை இருக்கிறது. ஏப்ரனும் கையுறையும் நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறி வரும் கதிருக்குத்தான். குழாயிலிருந்து நேரே இறங்கும் கதிருக்குள் கையை வைக்க அவை அனுமதி தருவதில்லை. படத்தில் விரல் தெரிந்தால், கையுறையோடு தெரிந்தாலும், அது நடந்திருக்கக் கூடாத விஷயம். ஏப்ரனை மடித்து வைக்கவும் கூடாது. மடிப்பில் உள்ளே வெடிப்பு விழும், வெளியே பார்த்தால் தெரியாது. தொங்கவிட வேண்டும்.

தூரம்தான் இலவசமான பாதுகாப்பு. ஒரு மீற்றரில் நிற்பவர் இரண்டு மீற்றருக்குப் போனால் அவர் மேல் விழுவது கால்வாசியாகிவிடும். கதிரோடு வேலை செய்பவருக்கு சர்வதேசப் பரிந்துரையின் உச்ச வரம்பு, 5 வருடச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு). பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1. நாயின் சொந்தக்காரர் இரண்டாவது வகை என்பதை மறக்க வேண்டாம். கர்ப்பமாக இருக்கக்கூடிய எவரையும் 18 வயதுக்குக் குறைந்த எவரையும் பிடிக்க விடவே கூடாது. இலங்கையில் எக்ஸ்ரே இயந்திரம் வைத்திருக்க அணுசக்தி ஒழுங்குபடுத்தல் சபையின் உரிமம் வேண்டும். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. அண்ணா, உங்கள் சட்டையில் கதிர் அளக்கும் வில்லை குத்தியிருக்கிறதா? இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

டொக்டரிடம் ஒரு கேள்வி. நாங்கள் "மூச்சை இழுத்துப் பிடியுங்கள்" என்போம். நாயிடம் என்ன செய்வீர்கள்?

நாலுகால் வைத்தியன் | புதன், இரவு 9.30

தம்பி, நாங்கள் மார்பைப் பார்த்துக்கொண்டு நிற்போம். விரல் பொத்தானில் இருக்கும், கண் விலாவில் இருக்கும். மூச்சு முழுதாக உள்ளே போய் விலா விரிந்து நிற்கும் அந்தக் கணத்தில் அமத்த வேண்டும். மூச்சு வெளியே போன நேரத்தில் எடுத்தால் நுரையீரல் சுருங்கி வெண்மை கூடித் தெரியும். நிமோனியா என்று நினைக்க வைக்கும், இதயமும் பெரிதாகத் தெரியும். வயிற்றுப் படத்துக்கு இது தலைகீழ், மூச்சு வெளியே போன பிறகு எடுப்போம். அப்போதுதான் உறுப்புகளுக்கு இடம் இருக்கும், அசைவும் குறைவு.

மார்புப் படத்தில் முன்னங்கால்களை நன்றாக முன்னால் இழுக்காவிட்டால் தோள் தசை நுரையீரலின் முன்பகுதியை மறைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்கும்போது நாயின் மார்பெலும்பு மேசைப் பக்கம் இறங்கப் பார்க்கும். அதன் கீழ் ஒரு ஸ்பொஞ் துண்டு வைத்து, மார்பெலும்பும் முதுகெலும்பும் மேசையிலிருந்து ஒரே உயரத்துக்கு வரும்படி தூக்க வேண்டும். இந்தச் சின்ன ஸ்பொஞ் இல்லாமல் எடுத்த படங்களைப் பார்த்து இதயம் வீங்கியிருக்கிறது என்று மருந்து தொடங்கிய நாய்கள் என்னிடம் வந்திருக்கின்றன.

முலைக் கட்டி வந்த பெட்டை நாய்களுக்குக் கட்டாயம் மூன்று படம் கேளுங்கள். வலப்பக்கம் படுக்க வைத்து ஒன்று, இடப்பக்கம் ஒன்று, நேராக ஒன்று. படுத்திருக்கும் பக்கத்து நுரையீரல் பாரத்தில் காற்றிழந்து சுருங்கும். அதற்குள் புற்றுநோய் பரவிய சின்ன முடிச்சு இருந்தால் சுற்றிலும் காற்று இல்லாததால் தெரியாது. மேலே இருக்கும் நுரையீரலில்தான் தெரியும். ஒரு பக்கம் மட்டும் எடுத்து "பரவவில்லை" என்று சொன்னால் பாதி நெஞ்சைத்தான் பார்த்திருக்கிறோம்.

கொட்டாஞ்சேனை வாசகி | புதன், இரவு 11.48

இதை எழுதலாமா என்று யோசித்தேன். போன வருடம் எங்கள் பூனை மிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து, கழுத்தை நீட்டி, முழங்கைகளை வெளியே விரித்துக் குந்தியிருந்தாள். ஓரிடத்துக்குக் கொண்டுபோனோம். உடனே எக்ஸ்ரே மேசையில் மல்லாக்கக் கிடத்தினார்கள். இரண்டு தரம் திமிறினாள். மூன்றாவது தரம் திமிறவில்லை. படம் எடுக்கவே இல்லை. அவள் எப்படியும் போயிருப்பாளா, இல்லாவிட்டால் படுக்க வைத்ததால் போனாளா என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நாலுகால் வைத்தியன் | வியாழன், காலை 5.50

அக்கா, உங்கள் இழப்புக்கு மிகவும் வருந்துகிறேன். மிட்டுவுக்கு உள்ளே என்ன இருந்தது என்று பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. அப்படி மூச்சு வாங்கும் பூனை ஏற்கனவே விளிம்பில் நிற்கிறது, எல்லாம் சரியாகச் செய்தும் சில பூனைகள் போய்விடுகின்றன. ஆனால் அந்த நிலையில் பூனையை மல்லாக்கக் கிடத்தக் கூடாது. இதை நான் மழுப்பாமல் சொல்ல வேண்டும், நாளைக்கு இன்னொருவர் படிப்பார்.

மார்புக்குள் நீர் கட்டியிருந்தால் அது கீழே தங்கும், நுரையீரல் அதன் மேல் மிதப்பதுபோல இருக்கும். பூனை குந்தியிருந்து முழங்கையை விரிப்பது மிச்சமுள்ள நுரையீரலுக்கு இடம் கொடுக்கத்தான். மல்லாக்கப் போட்டால் அந்த மிச்சமும் அமுங்கும். கையால் பிடிக்கும்போது பயத்தில் ஒட்சிசன் தேவையும் ஏறும்.

நான் செய்வது இது. முதலில் ஒட்சிசன் பெட்டிக்குள் விடுவேன், தொடமாட்டேன். கொஞ்சம் அமைதியாகட்டும். தேவையென்றால் பியூட்டோர்பனோல் போன்ற மெதுவான ஊசி ஒன்று. பிறகு அவள் இருக்கிற இருப்பிலேயே, குந்தியபடி, விலாவின் ஓரத்தில் ஒலியலையால் பார்க்கும் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்ப்பேன். மயிர் வழிக்கத் தேவையில்லை, கொஞ்சம் ஸ்பிரிட் போதும். நீர் இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் கறுப்பாகத் தெரியும். இருந்தால் எக்ஸ்ரேக்கு முன்னமே ஊசியால் நீரை எடுத்துவிடுவேன். மூச்சு இறங்கிய பிறகுதான் எக்ஸ்ரே, அதுவும் வயிறு மேசையில் பட, முதுகு மேலே இருக்கும்படி ஒரே ஒரு படம். அட்டைப் பெட்டிக்குள் இருக்கும்போதே எடுத்ததும் உண்டு. படம் அழகாக இராது, பூனை உயிரோடு இருக்கும்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனையோடு போகிறவர்கள், வாசலிலேயே "முதலில் ஒட்சிசன் கொடுங்கள், மல்லாக்கப் போடவேண்டாம்" என்று சொல்லுங்கள். சொல்வதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கொட்டாஞ்சேனை வாசகி | வியாழன், காலை 7.15

நன்றி டொக்டர். யாரும் இவ்வளவு நேராகச் சொல்லவில்லை.

பேராதனைப்பிள்ளை | வியாழன், மாலை 4.20

நான் பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கிறேன், வீடு கொட்டாஞ்சேனை. அக்காவின் கதையைப் படித்த பிறகு என் கேள்வி சின்னதாகத் தெரிகிறது. ஆனாலும் கேட்கிறேன். வயிற்றுப் படத்தில் வலமா இடமா என்பது அவ்வளவு முக்கியமா? வகுப்பில் படித்தேன், நேரில் எங்கே உதவும் என்று விளங்கவில்லை.

நாலுகால் வைத்தியன் | வியாழன், இரவு 8.55

பிள்ளை, மாம்பழக் காலத்தில் வந்து ஒரு நாள் என்னோடு நில்லுங்கள், விளங்கும்.

நாய் மாங்கொட்டையை விழுங்கிவிட்டது. கொட்டை கல்லுப்போல வெள்ளையாகத் தெரியாது, சுற்றியிருக்கும் குடலின் சாம்பல் நிறத்தோடு கலந்துவிடும். இனி யோசியுங்கள். இரைப்பையின் வாய்ப்புறப் பை இடப்பக்கம், வெளிவாசல் வலப்பக்கம். காற்று எப்போதும் மேலே ஏறும், நீர் கீழே தங்கும். வலப்பக்கம் படுக்க வைத்தால் காற்று இடப்பக்கப் பைக்குள் போகும், வெளிவாசலில் நீர் நிரம்பிக் கொட்டையை மறைக்கும். இடப்பக்கம் புரட்டினால் காற்று வெளிவாசலுக்கு ஏறும். கறுப்புக் காற்றின் நடுவில் கொட்டையின் விளிம்பு கோடு போட்டதுபோல வரும். மருந்தும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நாயைப் புரட்டினால் போதும். இந்த வித்தையை முதல்முதல் கண்ணால் கண்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்றும் குறையவில்லை.

இரைப்பை முறுக்கிய நாய்க்கு வலப்பக்கம். வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்காளிக்கும் பெரிய நாய் என்றால் வலப்பக்கம் படுக்க வைத்து ஒரு படம் போதும். இடம் மாறிய வெளிவாசல் காற்றோடு மேலே முன்னால் வந்து நிற்கும், நடுவில் ஒரு மடிப்புக் கோடு, இரண்டு குமிழிகள்போல. அதைக் கண்டால் இரண்டாவது படம் எடுக்க நேரம் செலவழிக்க வேண்டாம்.

கடுவன் நாய்க்குச் சிறுநீர் அடைத்தால் பின்னங்கால்களை வழக்கம்போலப் பின்னால் இழுத்தால் மட்டும் போதாது. இரண்டையும் முன்னால் மடக்கி இன்னொன்று எடுங்கள். ஆண்குறி எலும்பின் பின்பக்கத்தில் சிக்கிய கல்லைத் தொடையெலும்புகள் மறைத்துவிடும்.

தெஹிவளையான் | வியாழன், இரவு 10.10

எங்கள் பெட்டை நாய் சினைப்பட்டு ஒரு மாதம். எத்தனை குட்டி என்று எப்போது படம் எடுக்கலாம்?

நாலுகால் வைத்தியன் | வியாழன், இரவு 10.32

உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க இப்போதே ஸ்கேன் செய்யலாம், 25ஆம் நாள் அளவிலேயே இதயத் துடிப்புத் தெரியும். ஆனால் ஸ்கேனில் எண்ணுவது நம்பத் தகுந்ததல்ல, ஒரே குட்டியை இரண்டு தரம் எண்ணிவிடுவோம். எண்ணுவதற்கு எக்ஸ்ரே. குட்டிகளின் எலும்பு 45 நாள் அளவில்தான் தெரியத் தொடங்கும். 55 நாளுக்குப் பிறகு வாருங்கள், தலைகளையும் முதுகெலும்புகளையும் தனித்தனியாக எண்ணித் தருவார்கள். மல்லாக்க வேண்டாம், ஒருக்களித்தால் போதும்.

ஸ்கேனுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். வயிற்று ஸ்கேன் என்றால் வெறும் வயிற்றோடு கூட்டிவாருங்கள், வாசலில் சிறுநீர் கழிக்க விடவேண்டாம். காற்றும் சாப்பாடும் ஒலியை மறித்துவிடும், நிரம்பிய சிறுநீர்ப்பை வேண்டும். வயிற்று மயிரை வழிப்போம், கோபப்படாதீர்கள், வளரும். இதய ஸ்கேனுக்கு நாயை வலப்பக்கம் படுக்க வைப்போம். அந்த மேசையில் ஒரு பகுதி வெட்டியிருக்கும், அதன் வழியே கீழிருந்து கருவியை வைப்போம். அப்படிப் படுத்தால் இதயம் விலாவோடு ஒட்டி வரும், நடுவில் நுரையீரல் வராது. உண்ணிக் காய்ச்சலுக்கு மண்ணீரல் பார்க்க வந்தால், நாய்க்கு மயக்க ஊசி ஏதும் போட்டிருந்தால் சொல்லுங்கள். அசெப்ரோமசின் போட்டாலே மண்ணீரல் வீங்கும்.

வெள்ளவத்தைக்காரி | சனி, இரவு 7.40

ரொக்கிக்கு இன்றைக்குத் திரும்பப் படம் எடுத்தோம். எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

இரத்தம் நேற்றே பார்த்தார்கள், நல்லாயிருந்தது. காலையில் ஊசி போட்டுப் பத்து நிமிடத்தில் அப்பாவின் பாதத்தின் மேல் தலையை வைத்துச் சாய்ந்துவிட்டான். அப்பா அவன் மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தார். 'வி' வடிவ ஸ்பொஞ் தொட்டியில் மல்லாக்க வைத்தார்கள். இரண்டு காலையும் நீட்டி, முழங்கால்களை உள்ளே திருப்பி, இரண்டையும் சேர்த்து அகலப் பிளாஸ்டர் ஒன்று சுற்றினார்கள். கணுக்காலின் மேல் மணல் மூட்டை. எல்லோரும் வெளியே வந்தார்கள், ஒரு கையும் உள்ளே இல்லை. முதல் படத்திலேயே சரிவந்தது. இடப்பக்கத்தைக் காட்ட ஒரு ஈய எழுத்து வைத்திருந்தார்கள், பழைய படத்தில் அதுவே இல்லை என்பது இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நாலுகால் வைத்தியன் டொக்டர் சொன்னதுபோல மனதுக்குள் மடித்துப் பார்த்தேன். இரண்டு சிறகும் ஒரே அகலம், இரண்டு ஓட்டையும் ஒரே அளவு. கிண்ணங்கள் இரண்டும் ஆழமாக இருக்கின்றன. இடுப்பில் ஒன்றும் இல்லை.

பிறகு முழங்காலை மடித்து எடுத்தார்கள். சில்லுக்குக் கீழே கறுப்பாக முக்கோணம்போலத் தெரிய வேண்டிய கொழுப்பு முன்னால் தள்ளப்பட்டுச் சின்னதாகிவிட்டது, அந்த இடத்தில் சாம்பலாக நீர். மயக்கத்தில் தசை தளர்ந்திருந்ததால் கையால் அசைத்துப் பார்த்தபோது கீழெலும்பு கொஞ்சம் முன்னால் நழுவியது. முழங்காலுக்குள் குறுக்கே போகும் தசைநார் பாதி அறுந்திருக்கிறது. போன முறை காலை நீட்டி இழுத்தபோது அந்த நோவில்தான் இடுப்பைத் திருப்பியிருக்கிறான் என்று டொக்டர் சொன்னார். அந்தச் சரிந்த படத்தில் இருந்தது அவனுடைய நோ. அதைத்தான் இடுப்பு நோய் என்று வாசித்திருக்கிறார்கள்.

ஒப்பரேஷன் பற்றி அடுத்த கிழமை எலும்பு பார்க்கும் டொக்டரோடு கதைக்கப் போகிறோம். அதுவரை ஓய்வு, எடையைக் குறைக்க வேண்டும். நாங்கள் மூன்றாம் மாடியில் இருக்கிறோம், லிப்ட் அடிக்கடி நிற்கும். படி ஏற விடலாமா?

நாலுகால் வைத்தியன் | சனி, இரவு 9.05

விடவேண்டாம் தங்கச்சி. தூக்க முடியாவிட்டால் ஒரு பெரிய துவாயை வயிற்றுக்குக் கீழே, பின்னங்கால்களுக்கு முன்னால் கொடுத்து, இரண்டு நுனியையும் மேலே சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தின் பாரம் உங்கள் கையில் வர வேண்டும். இறங்கும்போது இன்னும் மெதுவாக. இரண்டு படத்தையும், பழையதையும் சேர்த்து, எலும்பு டொக்டரிடம் கொண்டுபோங்கள்.

மணல்மூட்டை | சனி, இரவு 9.21

துவாய் வழுக்கும். அப்பாவிடம் பழைய சறத்தை நாலாக மடித்துத் தரச் சொல்லுங்கள், பிடி நல்லாயிருக்கும். கதிர்ப்படக்காரன் தம்பிக்கு: வில்லை கேட்டேன், வரும் மாதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.